சிம்மில் வைத்த லேப்டாப்

அம்பிகாவுக்கு எதையும் முழுசாகத் திறந்துவிட மனசு வராது. குழாயைத் திருகினால் நூல் மாதிரிதான் தண்ணீர் விழும். கேஸ் அடுப்பைப் பற்றவைத்த கையோடு சிம்முக்குத் தள்ளிவிடுவாள். சாம்பார் கொதிப்பதற்குள் அவள் புருஷன் குமரேசன் குளித்து, சாமி கும்பிட்டு, தெருமுனை டீக்கடையில் பேப்பரையும் படித்து முடித்துவிடுவான். "இன்னுமா கொதிக்கல?" என்று கேட்டால், "கொதிக்கும். உனுக்கு இன்னா ஜல்தி?" என்பாள். மெதுவாக எரிந்தால் குறைவாகத்தான் செலவாகும் என்று அவள் தீர்மானமாக நம்பினாள். அந்த நம்பிக்கையில் ஓட்டை இருப்பதை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள்.

1993-ல் திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளச் சேர்ந்தபோதே இந்தக் குணம் தெரிந்துவிட்டது. ரிப்பன் சீக்கிரம் தேய்ந்துவிடுமே என்று சாவிகளைப் பூப்போலத் தொடுவாள். தாளில் எழுத்து விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். "ஏம்மா, மெஷினுக்கு வலிக்கும்னு பாக்கிறியா?" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் பாஸ் செய்து காட்டினாள். கொஞ்ச நாளில் விழுப்புரத்தில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. வேலை கிடைத்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் என்று வருஷக்கணக்காக அடித்துத் தள்ளினாள். காலையில் பாசஞ்சர் ரயிலில் போவாள், சாயங்காலம் பாசஞ்சரில் திரும்புவாள். கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகும் அந்த ரயில் அவளை விடவில்லை.

2011-ல் ஒருநாள், இனி யாரிடமும் போய் உட்காரப் போவதில்லை என்று சொல்லிவிட்டு வீட்டின் முன் அறையில் சொந்தமாகத் தொழில் தொடங்கினாள். 'அம்பிகா கிராபிக்ஸ்' என்ற போர்டைக் குமரேசனே ஏணி போட்டு மாட்டினான். அவன் எலெக்ட்ரீஷியன். ஊரில் பாதி வீடுகளுக்கு இன்வெர்ட்டர் மாட்டிக் கொடுத்தவன். தன் வீட்டுக்கு மட்டும் இந்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிக்கொண்டே வந்தான். அடுத்த வருஷம் வந்த மின்வெட்டில் அம்பிகாவின் கம்ப்யூட்டர், வீட்டிலிருந்த சாமி படங்களோடு ஒன்றாகச் சேர்ந்து சும்மா உட்கார்ந்திருந்தது.

வேறு வழியில்லாமல் ஒரு பழைய லேப்டாப் வாங்கினாள். அதைச் சரிபண்ணிக் கொடுத்தவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்வீஸ் கடை வைத்திருந்த அரிபிரசாத். ஸ்டுடியோக்காரர்கள் கொண்டுவரும் பென்டிரைவ் ஒவ்வொன்றிலும் ஊர்ப்பட்ட வைரஸ் இருக்குமாதலால், அதில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்தார். திரையின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன மீட்டரையும் வைத்தார். அதன் சங்கதி இதுதான்: கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் எப்போதும் ஒரே வேகத்தில் ஓட வேண்டியதில்லை. எந்த வேகத்தில் ஓடலாம் என்று அந்த மீட்டரின் மெனுவில் நாம் சொல்லிவைக்கலாம். 'பெர்ஃபார்மன்ஸ்' என்று வைத்தால் எந்நேரமும் உச்ச வேகம். 'பவர்சேவ்' என்று வைத்தால் எந்நேரமும் அடிமட்ட வேகம். 'ஆன்டிமாண்ட்' என்று வைத்தால் வேலை வரும்போது வேகமெடுக்கும், வேலை இல்லாதபோது தானாக அடங்கும். அரிபிரசாத் இந்த மூன்றாவதில் வைத்துவிட்டு, "இதுல மட்டும் கை வெக்காதீங்கக்கா" என்று சொல்லியனுப்பினார்.

அவள் கை வைக்காமல் இருப்பாளா? வீட்டுக்கு வந்து மின்விசிறி நின்ற முதல் மதியமே அந்த மெனுவைத் திறந்தாள். பவர்சேவ் என்ற சொல்லைப் பார்த்ததும் உறவுக்காரரைக் கண்டதுபோல முகம் மலர்ந்தது. இதுவும் ஒரு சிம்தானே என்று அதில் தள்ளிவிட்டு, நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வேலையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு லேப்டாப் ஆமை மாதிரி நகர்ந்தது. பழசுதானே, அப்படித்தான் இருக்கும் என்று அதன் வயசின் மேல் பழியைப் போட்டாள். பேட்டரி அப்படியொன்றும் கூடுதலாக நிற்கவில்லை என்பதையும் அவள் கவனிக்கவில்லை.

அந்த வருஷம் ஆவணியில்தான் அவளுக்கு முதல் பெரிய வேலை வந்தது. திண்டிவனம் மார்க்கெட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் செய்யும் மாசிலாமணி வீட்டுக் கல்யாண பேனர்.

கல்யாண பேனர் என்பது எங்கள் பக்கம் விளையாட்டுக் காரியமில்லை. நடுவில் பொண்ணு மாப்பிள்ளை. அவர்களுக்கு அக்கம்பக்கம் பெரிய முகமாகப் பெற்றவர்கள், தாய்மாமன். கீழே பங்காளிகள், மச்சான்மார்கள், நண்பர்கள். எந்த முகம் எந்த அளவில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் சொந்தக்காரர்கள் சாப்பிட உட்காருவதா, செருப்பைத் தேடுவதா என்று முடிவு செய்வார்கள். ஒரு சித்தப்பா முகம் கொஞ்சம் சின்னதாகப் போனதால் நின்றுபோன சீர்வரிசைகள் உண்டு. அம்பிகா முகங்களையெல்லாம் அடுக்கி முடித்து, மறுநாள் காலை அச்சுக்கு அனுப்புவதாக இருந்தாள்.

அந்தக் காலையில் மாசிலாமணியின் மனைவி சௌந்தரம் வந்தாள். சாயங்காலம் மகளுக்கு வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம். கல்யாண வீட்டுக்காரி தலையைக்கூடச் சரியாக வாராமல் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஒரு போட்டோ.

"இது எங்க அண்ணன்மா. பேரு விருத்தாசலம். இவர சேக்கணும்."

"இன்னாக்கா, இப்ப வந்து சொல்றீங்க?"

சௌந்தரம் நின்றபடியே சொன்னாள். கண்டாச்சிபுரத்தில் தன் அப்பாவின் நிலத்தைப் பாகம் பிரித்தபோது மாசிலாமணி நாலு பேர் முன்னால் விருத்தாசலத்தை ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அன்றோடு அண்ணன் தங்கை வீட்டுப் படி ஏறுவது நின்றது. தங்கை மகளின் காதுகுத்துக்கு வரவில்லை, மஞ்சள் நீராட்டுக்கு வரவில்லை. நேற்று சௌந்தரம் தானே தாம்பூலத் தட்டோடு போய்க் கூப்பிட்டாள். அண்ணன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கிளம்பும்போது அண்ணி வீரம்மாள்தான் இந்தப் போட்டோவை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"அண்ணி இன்னா சொல்லுச்சி தெரியுமா? மண்டபத்து வாசல் வரைக்கும் எப்படியாவது இட்டுக்கினு வந்துடறேன், பேனர்ல அவரு மூஞ்சி இல்லன்னா அங்கிருந்தே திரும்பிடுவாரு, அப்புறம் என்ன கேக்காதேன்னுச்சி." சௌந்தரத்தின் குரல் உடைந்தது. "எனுக்கு இருக்கறது ஒரே அண்ணன்மா."

அம்பிகா அவளைத் தண்ணீர் குடிக்க வைத்து அனுப்பிவிட்டு, விழுப்புரத்தில் பேனர் அச்சடிக்கும் கோதண்டபாணிக்குப் போன் போட்டாள். அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "பன்னெண்டு மணிக்குள்ள பென்டிரைவ் என் கையில இருக்கணும். அப்புறம் மிஷின் கட்சி பேனருக்குப் போயிடும். நாளைக்குத்தான்."

கரண்ட் போயிருந்தது. ஆனால் பேட்டரி நிறைய இருந்தது. அம்பிகா போட்டோவைச் செல்போனில் படம்பிடித்து லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தனை பெரிய பேனர் ஃபைல் திறப்பதற்கே ஒரு யுகம் ஆனது. விருத்தாசலத்தின் முகத்தைப் பின்னணியிலிருந்து வெட்டியெடுக்க, மவுஸ் நகர்ந்த பிறகு கோடு நிதானமாகப் பின்னால் வந்தது. மீசையை முடிப்பதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது. மேலே இடமில்லாததால் கீழ் வரிசையில் மச்சான்மார்களோடு அவரைச் செருகினாள். ஃபைலைச் சேமித்துவிட்டு, அச்சுக்கான படமாக மாற்றும் பொத்தானை அழுத்தினாள். பச்சைக் கோடு ஊர்ந்தது. பாதியைத் தாண்டியது. திரை கறுத்தது.

அம்பிகா கறுத்த திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்ட் வர இன்னும் நேரம் இருந்தது. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. குமரேசன் கதவோரமாக வந்து, "அச்சகத்து ஓனர் உன்ன எப்ப வேணா வரச் சொன்னாரு இல்ல…" என்று ஆரம்பித்தான். ஆறுதலுக்குத்தான் சொன்னான், பாவம். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டு, "ஸ்டேஷன்ல கரண்ட் இருக்கும்" என்றான். அதுதான் அன்று அவன் சொன்ன உருப்படியான வார்த்தை.

இத்தனை வருஷம் பாசஞ்சரில் போய்வந்தவளுக்கு பிளாட்பாரத்தில் செல்போன் சார்ஜ் போடும் பலகை எங்கே இருக்கிறது என்று யாரும் காட்ட வேண்டியதில்லை. அங்கே போனைச் சொருகியிருந்த ஒருவரிடம் கெஞ்சி இடம் வாங்கி, லேப்டாப்பை மாட்டிவிட்டு, அரிபிரசாத்துக்குப் போன் செய்தாள்.

"எதுல வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார் அவர்.

"கம்மியா இருக்கறதுல."

"நான் அதுல வெக்கலியே. யாரு மாத்துனது?"

அம்பிகா சார்ஜர் வயரை இன்னும் அழுத்திச் சொருகினாள்.

"யக்கா, பிராசஸர் ஒண்ணுதான் பேட்டரிய குடிக்குதா? ஸ்கிரீன் குடிக்குது, டிஸ்க்கு குடிக்குது, ஃபேன் குடிக்குது. நீங்க பிராசஸர படுக்க வெச்சீங்கன்னா, கொஞ்ச நேரத்துல முடியற வேலைக்கு மத்ததெல்லாம் ரொம்ப நேரம் முழிச்சிக்கினு கெடக்குது. வேலை வந்தா அத ஓட விடுங்க, முடிஞ்சா தானா தூங்கிடும். மிச்சம் புடிக்கணும்னா ஸ்கிரீன் வெளிச்சத்த கொறைங்க, வைஃபைய நிறுத்துங்க. பேஜாரு பண்ணாதீங்கக்கா, கடையில ஆளு நிக்குது." வைத்துவிட்டார்.

அம்பிகாவுக்குக் காது மடல் சுட்டது. அவ்வளவு எளிமையான விஷயம். சிம்மில் வைத்த குக்கர் விசிலே அடிக்காமல் மணிக்கணக்கில் அடுப்பில் கிடந்தால் கேஸ் மிச்சமாகுமா? தான் மிச்சம் பிடித்ததாக நினைத்ததெல்லாம் இப்படித்தான் ஆவியாகிப் போயிருக்கிறது என்று அவளுக்கு முதல் தடவையாக உறைத்தது. மெனுவைத் திறந்து, பவர்சேவை எடுத்துவிட்டு ஆன்டிமாண்டில் வைத்தாள். திரை வெளிச்சத்தைக் கண் தாங்கும் அளவுக்குக் குறைத்தாள். வைஃபையை அணைத்தாள். ரயில் வந்துவிட்டது. பேட்டரியில் கொஞ்சம்தான் ஏறியிருந்தது.

பெட்டிக்குள் பழைய முகங்கள். ஜன்னலோரம் இடம் விட்டுக் கொடுத்தவள், "இன்னா அம்பிகா, திரும்ப வேலைக்கே வந்துட்டியா?" என்று சிரித்தாள். அம்பிகாவுக்குச் சுருக்கென்று தைத்தது. "இல்ல, என் வேலையா போறேன்" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மடியில் திறந்தாள்.

ஃபைல் மளமளவென்று திறந்தது. மேல் ஓரத்து மீட்டரைப் பார்த்தாள். ஒன்றும் செய்யாதபோது அது தரையில் கிடந்தது. முகத்தைச் சற்றுப் பெரிதாக்கினால் விருட்டென்று மேலே போனது, வேலை முடிந்ததும் இறங்கிப் படுத்துக்கொண்டது. யாரும் சொல்லாமலே அதற்குத் தெரிந்திருந்தது. இத்தனை மாசம் இதைக் கட்டிப்போட்டு வைத்திருந்தோமே என்று அந்தப் பழைய மெஷின் மேல் அவளுக்கு இரக்கமே வந்துவிட்டது.

மயிலம் தாண்டியதும் சௌந்தரம் போன் செய்தாள். "எங்க அண்ணன எங்கம்மா போட்ருக்க?"

"கீழ் வரிசைலக்கா. மேல எடமே இல்ல."

போனில் மண்டபத்துச் சத்தம் இரைந்தது. தாய்மாமனைக் கீழ் வரிசையில் போடுவதற்குப் போடாமலே இருக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு வேறு குரல் வந்தது. மாசிலாமணி.

"நான் எங்கம்மா இருக்கறேன்?"

"மேலண்ணா. பொண்ணு பக்கத்துல."

"என்ன எடுத்துடு. அங்க அவர போடு."

"அண்ணா, நீங்க பொண்ணோட அப்பா. அப்ப உங்கள எங்க போடறது?"

"எங்கியும் வேணாம். அன்னிக்கி நாலு பேரு முன்னால சொன்னேன். இன்னிக்கி நாலு பேரு முன்னால எறங்கிக்கறேன். போடும்மா."

அம்பிகா மாசிலாமணியின் முகத்தை எடுத்தாள். அந்த இடத்தில் விருத்தாசலத்தைப் பெரிதாக்கி வைத்தாள். மீட்டர் எகிறியது. மடி சுட்டது, உள்ளே விசிறி இரைந்தது. 'சுடட்டும்' என்று விட்டுவிட்டாள். பேட்டரி குறைகிறது என்ற எச்சரிக்கை விக்கிரவாண்டியில் வந்தது. பழைய அம்பிகாவாக இருந்தால் பதறிப்போய் வேகத்தைக் குறைத்திருப்பாள். இவள் பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். பச்சைக் கோடு ஓடியது. முண்டியம்பாக்கத்தில் ரயில் நிற்கும்போது படம் பென்டிரைவில் இருந்தது, பேட்டரியில் இன்னும் மிச்சம் இருந்தது. பக்கத்தில் இருந்தவளிடம், "முடிஞ்சிடுச்சிக்கா!" என்று கத்தியே விட்டாள். எது முடிந்தது என்று தெரியாவிட்டாலும் அவளும் சந்தோஷப்பட்டாள்.

கோதண்டபாணி கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பென்டிரைவை வாங்கிக்கொண்டார். மை வாசனை போகாத பேனரைச் சுருட்டி, மதிய பஸ்ஸில் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு திண்டிவனம் வந்தாள். குமரேசன் ஏணியோடு மண்டபத்து வாசலில் காத்திருந்தான். அவன் கட்டி முடித்து, சீரியல் விளக்குகளைத் தொங்கவிட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது.

விருத்தாசலம் வந்தார். மண்டபத்துக்குள் வரவில்லை, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பெட்டிக்கடையில் நின்றுகொண்டார். வீரம்மாள் மட்டும் சாலையைக் கடந்து வந்து சௌந்தரத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். சௌந்தரம் அண்ணனைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் போய்விடுவாரோ என்று பயந்தாள். அவர் தோள் துண்டைச் சரிசெய்தபடி பேனரைப் பார்த்தார். மெதுவாக ரோட்டைக் கடந்து அதன் அருகில் வந்து நின்றார். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

"மாப்ள மாசிலாமணி எங்க?"

"உள்ள பந்தி கவனிச்சிக்கினு இருக்காருண்ணா" என்றாள் சௌந்தரம்.

"அத கேக்கல. இதுல எங்க?"

மிச்சக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த அம்பிகாதான் சொன்னாள். "அவருதாங்க எடுக்கச் சொன்னாரு. நீங்க இருக்கறது அவரு எடம்."

விருத்தாசலம் செருப்போடு உள்ளே போய்விட்டார். சண்டைதான் என்று குமரேசன் ஏணியை ஓரமாக நகர்த்தினான். கொஞ்ச நேரத்தில் இருவரும் வெளியே வந்தார்கள். மாசிலாமணியின் ஒரு கையில் சாம்பார் வாளி அப்படியே இருந்தது. இன்னொரு கை விருத்தாசலத்தின் பிடியில் இருந்தது.

"ஏம்மா, இத செஞ்சது நீதானே?" என்று அம்பிகாவைக் கேட்டார் விருத்தாசலம். "பொண்ணப் பெத்தவன் இல்லாம பேனரா? இவரையும் என்னையும் ஒண்ணா வெச்சு இன்னொண்ணு அடிச்சிக் குடு. காலைல முகூர்த்தத்துக்கு இங்க நிக்கணும்."

"நிக்கும்" என்றாள் அம்பிகா. எப்படி என்று அவளுக்கு அந்த நிமிஷம் தெரியாது. ஆனால் சொன்னபோது துளி சந்தேகம் இல்லை.

செல்போனை எடுத்து இருவரையும் நிற்கவைத்தாள். பக்கத்தில் பக்கத்தில் எப்படி நிற்பது என்று இரண்டு பேருக்கும் மறந்து போயிருந்தது. ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். விருத்தாசலம் தங்கையை இழுத்து நடுவில் நிறுத்தினார். அம்பிகா எடுத்துவிட்டுப் பார்த்தாள். சௌந்தரம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அழுகிற முகத்தைக் கல்யாண பேனரில் போட மாட்டார்கள்.

"அக்கா, கண்ண தொடைங்க, இன்னொண்ணு எடுத்துடறேன்."

"வேணாம்மா" என்றார் மாசிலாமணி, வாளியைக் கீழே வைத்துவிட்டு. "இதையே போடு."